கோப்புகளை அடியில் போட்ட அமைச்சர்

எரிக் நின்-ஹான்சன் என்ற பெயர் டென்மார்க்கில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலிலோ பிறந்தநாள் விழாவிலோ இந்தப் பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்கள் "அது யார்?" என்றுதான் கேட்கிறார்கள். 'தமிழ் வழக்கு' என்றால் தலையாட்டுவார்கள். ஒரு அமைச்சர் ஏதோ பிழை விட்டார், அரசாங்கம் கவிழ்ந்தது என்ற அளவில் தெரியும். டெனிஷ்காரர்களுக்கோ அது பாடப்புத்தகத்தில் வருகிற விஷயம். என் மகளின் ஜிம்னாசியம் (உயர்தரப் பள்ளி) சமூகக்கல்விப் புத்தகத்தில், தமிழ் அகதிகளின் குடும்பங்கள் இங்கு வருவதற்கான விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு விரோதமாக நிறுத்திவைத்த நீதி அமைச்சர் என்று அவருக்கு அரைப்பக்கம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "அம்மா, இவ்வளவு சட்டம் தெரிந்த ஆள் ஏன் இப்படிச் செய்தார்?" நல்ல கேள்வி. அவருடைய முழு வாழ்க்கையையும் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

நான் 1999-இல் கல்யாணம் கட்டி இங்கு வந்தவள். எல்லாம் முடிந்த பிறகு வந்தவள் என்பதால் இந்த வழக்கில் எனக்குச் சொந்தக் கணக்கு எதுவும் இல்லை. நூலகத்தில் பழைய செய்தித்தாள்களைப் புரட்டியும், அந்தக் காலத்தில் இங்கு இருந்தவர்களோடு பேசியும்தான் தெரிந்துகொண்டேன்.

நின்-ஹான்சன் 1922-இல் மேற்கு சேலண்டில் பிறந்தவர். சட்டம் படித்தவர். 1948 முதல் 1950 வரை கன்சர்வேட்டிவ் கட்சியின் இளைஞர் அணித் தலைவர். 1953-இல், 31 வயதில், ஃபோல்கெடிங் என்கிற டெனிஷ் பாராளுமன்றத்துக்குள் போனார். 1994 வரை அங்கேயே இருந்தார். 41 ஆண்டுகள்!

அவர் உள்ளே போன 1953 டென்மார்க்குக்கு முக்கியமான ஆண்டு. இன்று நடைமுறையில் இருக்கும் அரசியலமைப்பு அந்த ஆண்டு ஜூன் 5-ஆம் திகதிதான் கையெழுத்தானது. மேலவையை ஒழித்து, 179 பேர் கொண்ட ஒரே சபையாக ஃபோல்கெடிங்கை ஆக்கியது அதுதான். ஒம்புட்ஸ்மன் என்ற பதவிக்கு இடம் கொடுத்ததும் அதுவே. அரசு அலுவலகங்கள் குடிமக்களை எப்படி நடத்துகின்றன என்று பாராளுமன்றத்தின் சார்பில் கேள்வி கேட்கும் ஆள் ஒம்புட்ஸ்மன். 36 ஆண்டுகள் கழித்து நின்-ஹான்சனைக் கீழே இறக்கிய முதல் அறிக்கை அந்தப் பதவியிலிருந்துதான் வந்தது.

சாதாரண உறுப்பினராக இருந்த ஆண்டுகளைத் தாண்டி 1968-க்கு வருவோம். அந்த ஜனவரி 21-ஆம் திகதி, ஹைட்ரஜன் குண்டுகள் நான்கை ஏற்றிக்கொண்டு பறந்த அமெரிக்க பி-52 விமானம் ஒன்று கிரீன்லாந்தின் தூலே தளத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலில் விழுந்து நொறுங்கியது. தன் மண்ணில் அணு ஆயுதம் வேண்டாம் என்பது டென்மார்க்கின் கொள்கை. விபத்து நடந்து இரண்டாம் நாள் தேர்தல். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 37 இடம் கிடைத்தது. பெப்ரவரி 2-ஆம் திகதி ஹில்மர் பௌன்ஸ்கோர் தலைமையில் மூன்று கட்சிகளின் அரசாங்கம் வந்தபோது, பாதுகாப்பு அமைச்சராக உட்கார்ந்தவர் நின்-ஹான்சன். பனியிலிருந்து கதிரியக்கச் சிதறல்களை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த நாற்காலியில் இருப்பது லேசான காரியம் இல்லை. 1971-இல் நிதி அமைச்சர் ஆனார். அதே ஆண்டு தேர்தலோடு அந்த அரசாங்கம் போய்விட்டது.

அதற்குப் பிறகு கன்சர்வேட்டிவ் கட்சிக்குச் சரியான அடி. தலைமைக்காக இரண்டு எரிக்குகள் மோதிக்கொண்டார்கள். ஒருவர் இவர், மற்றவர் எரிக் ஹவுன்ஸ்ட்ரப் கிளெமென்சன். கட்சி இரண்டு பக்கமாக இழுபட்டது. 1968-இல் 37 இடம் வைத்திருந்த கட்சி 1973-இல் 16-க்கு வந்து, 1975-இல் 10-இல் போய் நின்றது. இரண்டு பேரும் வேண்டாம் என்று 1974-இல் கட்சி தேர்ந்தெடுத்த ஆள்தான் போல் ஷ்லூட்டர். அவர் பொறுமையாகக் கட்சியைத் தூக்கி நிறுத்தினார். 1982 செப்டம்பரில், நான்கு கட்சிக் கூட்டணிக்குத் தலைமை தாங்கிப் பிரதமரானார். 1901-க்குப் பிறகு டென்மார்க்கில் ஒரு கன்சர்வேட்டிவ் பிரதமர் வந்தது அப்போதுதான்.

ஷ்லூட்டர் அதற்கு முன் அமைச்சராக இருந்ததே இல்லை. நின்-ஹான்சனோ இரண்டு அமைச்சுகளை நடத்தியவர், கட்சியின் மூத்தவர், சட்டம் தெரிந்தவர். நீதி அமைச்சு அவருக்குப் போனது இயல்பு. வெளிநாட்டவர் விவகாரமும் அந்தக் காலத்தில் நீதி அமைச்சின் கீழ்தான் இருந்தது.

அடுத்த ஆண்டே வெளிநாட்டவர் சட்டம் வந்தது. 1983-இன் அந்தச் சட்டம் ஐரோப்பாவிலேயே தாராளமான சட்டங்களில் ஒன்று. நின்-ஹான்சன் இவ்வளவு தாராளத்தை விரும்பவில்லை. ஆனால் ஷ்லூட்டரின் அரசாங்கம் சிறுபான்மை அரசாங்கம். பாராளுமன்றத்தின் பெரும்பான்மை வேறு பக்கம் இருந்தது. ஆகவே, தனக்குப் பிடிக்காத ஒரு சட்டத்தைத் தானே நடைமுறைப்படுத்த வேண்டிய இடத்தில் அவர் நின்றார். எனக்குத் தெரிந்தவரை, பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் நமக்கு முக்கியமான பகுதி குடும்ப இணைவு. அகதி அந்தஸ்து பெற்ற ஒருவர் தன் கணவனையோ மனைவியையோ, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையோ கூப்பிட்டுக்கொள்ளலாம். அது அதிகாரி பார்த்துக் கொடுக்கும் சலுகை இல்லை. சட்டப்படியான உரிமை. நிபந்தனைகள் சரியாக இருந்தால் அனுமதி கொடுத்தே ஆகவேண்டும்.

அதே 1983-இல்தான் ஜூலைக் கலவரம். அதற்குப் பிறகு நம் ஆட்கள் ஐரோப்பா முழுக்கச் சிதறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. டென்மார்க்குக்கு வந்தவர்களில் பலர் இளம் ஆண்கள். கிழக்கு பெர்லினில் இறங்கி, பால்டிக் கடலைப் படகில் தாண்டி வந்தவர்கள் அவர்களில் இருந்தார்கள். முகாம்களில் இருந்துவிட்டு, அந்தஸ்துக் கிடைத்ததும் ஜூட்லாந்தின் சிறு நகரங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். ஹெர்னிங், ஹோல்ஸ்டெப்ரோ, வெய்லே, கிரின்ஸ்டெட் என்று இன்றைக்கும் நாம் இருக்கிற ஊர்கள் அப்படி அமைந்தவைதான். மனைவி பிள்ளைகள் ஊரில். மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அது நல்ல மாதம். 1986-இல் அகதிகள் வருகை கூடியதும் எல்லையில் சட்டம் இறுக்கப்பட்டது. ஆனால் ஏற்கெனவே அந்தஸ்துப் பெற்றவர்களின் குடும்ப உரிமையில் பாராளுமன்றம் கை வைக்கவில்லை.

1987 ஜூலை 29. இலங்கை-இந்திய ஒப்பந்தம். கோப்பன்ஹேகனிலிருந்து பார்த்தால், சண்டை முடியப்போகிறது, இந்தத் தமிழர்கள் திரும்பிப் போகலாம், அப்படியிருக்கக் குடும்பங்களையும் ஏன் கூப்பிட வேண்டும் என்று தோன்றியிருக்கும். செப்டம்பரில் நின்-ஹான்சன் வெளிநாட்டவர் இயக்ககத்துக்குச் சொன்னது இதுதான்: தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை எடுக்க வேண்டாம், குவியலின் அடியில் போடுங்கள்.

அக்டோபர் 10-ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் போர் தொடங்கிவிட்டது. அந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சிறுமி நான். ஷெல்லுக்குப் பயந்து நல்லூர்க் கோயிலில் வந்து குவிந்த ஆயிரக்கணக்கானவர்களில் எங்கள் வீட்டாரும் இருந்தோம். சனக்கூட்டத்தில் என் கையை அம்மம்மா விடவே இல்லை. அதே மாதம் 21-ஆம் திகதி, தீபாவளி நாளில், யாழ். ஆஸ்பத்திரிக்குள்ளேயே நோயாளிகளும் வைத்தியர்களும் தாதிமாரும் கொல்லப்பட்டார்கள். ஒப்பந்தத்தால் அமைதி வந்துவிடும் என்ற கணிப்பு பொய்த்துப்போனது என்பது கோப்பன்ஹேகனில் பேப்பர் படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். செப்டம்பரில் அந்த உத்தரவைப் போட்டதற்கு ஒரு காரணத்தையாவது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாலும், அக்டோபருக்குப் பிறகும் அதை எடுக்காமல் விட்டதற்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை. ஓராண்டுக்கு மேல், 1989-இன் வாசல் வரை அந்தக் கோப்புகள் அப்படியே கிடந்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் விண்ணப்பங்களை நிராகரிக்கவில்லை. நிராகரித்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் மேன்முறையீடு வரும், வழக்கறிஞர் வருவார், நீதிமன்றம் வரும். அடியில் போட்ட கோப்புக்கு இவை ஒன்றும் இல்லை. காத்திருப்பவர் தொலைபேசியில் கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்று சொன்னால் போதும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பது போலக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சட்டப்புத்தகத்தில் உரிமை அப்படியே இருக்கும், கையில் மட்டும் வராது. சட்டம் படித்த ஒருவரால்தான் இப்படி ஒரு வழியை யோசிக்க முடியும். மகளுக்கு நான் சொன்ன பதிலும் இதுதான்: சட்டம் தெரியாமல் அவர் அதைச் செய்யவில்லை, சட்டம் தெரிந்ததால்தான் செய்தார்.

ஆனால் நாட்டில் கேள்வி கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். டெனிஷ் அகதிகள் கவுன்சில் கேட்டது. சில வழக்கறிஞர்கள் விடாமல் எழுதினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பாராளுமன்றத்தில் எழும்பிக் கேட்டார்கள். ஒம்புட்ஸ்மன் ஹான்ஸ் கம்மெல்டொஃப்ட்-ஹான்சன் விசாரணையைக் கையில் எடுத்தார். 1987-இல்தான் அவர் அந்தப் பதவிக்கு வந்திருந்தார்.

1989 ஜனவரியில் நின்-ஹான்சன் அமைச்சிலிருந்து எடுக்கப்பட்டு ஃபோல்கெடிங்கின் சபாநாயகர் ஆக்கப்பட்டார். 36 ஆண்டுகள் உட்கார்ந்த சபையின் உயர்ந்த ஆசனம். வேறு எந்த உறுப்பினருக்கும் அது ஒரு வாழ்க்கையின் உச்சம். இவருக்கு அது ஒன்பது மாதம்கூட நிலைக்கவில்லை. மார்ச்சில் ஒம்புட்ஸ்மனின் அறிக்கை வந்தது. தமிழர்களின் விண்ணப்பங்களை நிறுத்திவைத்தது சட்டத்துக்கு விரோதம் என்பது அதில் தெளிவானது. ஏப்ரல் 25-ஆம் திகதி பிரதமர் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழும்பி, கம்பளத்துக்கு அடியில் எதுவும் கூட்டித் தள்ளப்படவில்லை என்றார். டென்மார்க்கில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் வாக்கியம் அது. ஆனால் அக்டோபரில் நின்-ஹான்சன் சபாநாயகர் பதவியை விட்டு இறங்க வேண்டி வந்தது.

அடுத்தது உச்ச நீதிமன்ற நீதிபதி மோன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை மன்றம். 1990-இல் அமைக்கப்பட்டது. அமைச்சர்களும் அதிகாரிகளும் ஒருவர் பின் ஒருவராகச் சாட்சிக் கூண்டுக்கு வந்தார்கள். யார் யாரிடம் என்ன சொன்னார், எந்தக் குறிப்பில் என்ன எழுதியிருந்தது, யார் தெரிந்தும் பேசாமல் இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கிண்டி எடுத்தார்கள். இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு மரியாதைதான் வந்தது. பாராளுமன்றத் தேர்தலில் வாக்குரிமைகூட இல்லாத சில நூறு குடும்பங்களின் கோப்புக்காக, ஒரு நாடு தன் அமைச்சுகளின் மேசை இழுப்பறைகளையெல்லாம் திறந்து காட்டியது. நாங்கள் பிறந்த நாட்டில் விசாரணைக் குழுக்கள் என்ன கதியானது என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

1993 ஜனவரி 14-ஆம் திகதி அறிக்கை வந்தது. ஷ்லூட்டரும் பாராளுமன்றத்துக்குத் தவறான தகவல் கொடுத்தார் என்பது அதில் இருந்தது. அன்றைக்கே அவர் பதவி விலகினார். ஐரோப்பிய சமூகத்தின் தலைமைப் பொறுப்பு டென்மார்க்கின் கையில் இருந்த மாதம் அது. பத்து ஆண்டுக்கு மேல் ஆண்ட பிரதமர் போனார், சமூக ஜனநாயகக் கட்சியின் போல் நூரப் ராஸ்முஸன் வந்தார். கன்சர்வேட்டிவ் கட்சியிலிருந்து ஒரு பிரதமர் வந்து அதற்குப் பிறகு 30 ஆண்டுகள் கடந்துவிட்டன.

நின்-ஹான்சன் மீது பாராளுமன்றம் ரிக்ஸ்ரெட்டில் குற்றம் சாட்டியது. ரிக்ஸ்ரெட் என்பது அமைச்சர்களை விசாரிக்க மட்டுமே கூடும் தனி நீதிமன்றம். பாதி நீதிபதிகள் உச்ச நீதிமன்றத்திலிருந்து வருவார்கள், பாதிப் பேரைப் பாராளுமன்றம் தேர்ந்தெடுக்கும். அதற்கு முன் அது கூடித் தீர்ப்புச் சொன்னது 1910-இல். நீதி அமைச்சராக இருந்த அல்பேர்ட்டி பெரும் மோசடி செய்து பிடிபட்டதன் தொடர்ச்சியாக நடந்த விசாரணை அது. 80 ஆண்டுக்கு மேல் பூட்டிக் கிடந்த நீதிமன்றத்தை மறுபடி திறக்க வைத்தது நம் ஆட்களின் விண்ணப்பங்கள்.

விசாரணை நடக்கும்போதே அவருக்குப் பக்கவாதம் வந்தது. 1994 தேர்தலோடு பாராளுமன்ற வாழ்க்கையும் முடிந்தது. 1995 ஜூன் 22-ஆம் திகதி தீர்ப்பு. 20 நீதிபதிகளில் 15 பேர் குற்றவாளி என்றார்கள். நான்கு மாதச் சிறை, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. அவருக்கு அப்போது 73 வயது, உடம்பும் தளர்ந்துவிட்டது. சிறைக்குப் போகவில்லை. தண்டனை வழங்கப்பட்டது 1964-இன் அமைச்சர் பொறுப்புச் சட்டத்தின் கீழ். அந்தச் சட்டம் நிறைவேறியபோது அவரும் அந்தச் சபையில் உறுப்பினர்!

அவர் அதை ஏற்கவில்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். அவர்கள் 1999-இல் அந்த மனுவை எடுக்க மறுத்துவிட்டார்கள். 2014-இல், 92 வயதில் இறந்தார்.

அவருக்காகப் பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எந்தக் கோப்பை முதலில் எடுப்பது என்று தீர்மானிப்பது அமைச்சரின் வேலைதானே, அரசியல் முடிவுக்குக் குற்றவியல் தண்டனையா என்று கேட்கிறார்கள். அவர் லஞ்சம் வாங்கவில்லை, தனக்கென்று ஒரு குரோனர் சேர்க்கவில்லை என்பதும் உண்மை. நாட்டுக்கு நல்லது செய்கிறோம் என்றே நம்பினார் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் எனக்கு அந்த வாதம் போதவில்லை. அந்தச் சட்டம் பிழை என்று நினைத்திருந்தால் அவர் சபையில் எழும்பி அதைச் சொல்லியிருக்கலாம். திருத்தம் கொண்டுவந்து தோற்றிருக்கலாம். 1986-இல் எல்லை விதிகளை அப்படித்தானே மாற்றினார்கள். பாராளுமன்றத்தில் 34 ஆண்டு இருந்த ஒருவர், பாராளுமன்றத்தின் முதுகுக்குப் பின்னால் பாராளுமன்றத்தின் சட்டத்தை நிறுத்தினார். அகதிகளுக்குச் செய்த அநியாயம் ஒரு பக்கம். தன் வாழ்நாளைக் கொடுத்த அந்தச் சபைக்கு அவர் செய்ததும் சின்ன விஷயம் இல்லை.

அப்புறம் நடந்தவற்றைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. குடும்ப இணைவு விதிகள் பிறகு வெளிப்படையாகவே, பாராளுமன்ற வாக்கெடுப்பிலேயே இறுக்கப்பட்டன. 2002-இல், கணவன் மனைவி இருவருக்கும் 24 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2016-இல், தற்காலிகப் பாதுகாப்புப் பெற்றவர்கள் குடும்பத்தைக் கூப்பிட மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. நம் ஆட்கள் காத்திருந்ததைவிட நீண்ட காலம், ஆனால் சட்டப்படி. சிரியாவிலிருந்து வந்த ஒரு வைத்தியர் அதை எதிர்த்துப் போய், 2021 ஜூலையில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் டென்மார்க்குக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் ரிக்ஸ்ரெட் மறுபடியும் கூடித் தீர்ப்புச் சொன்னது. புகலிடம் கேட்டு வந்த இளம் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைக்கச் சொன்ன முன்னாள் அமைச்சர் இங்கர் ஸ்டொய்பேர்க்குக்கு 60 நாள் தண்டனை. நிறுத்திவைக்கப்படாத தண்டனை. 26 நீதிபதிகளில் 25 பேர் குற்றவாளி என்றார்கள். ஒரு அமைச்சர் தன் அலுவலகத்துக்குச் சட்டத்தை மீறச் சொல்லக் கூடாது என்பதில் அந்த நீதிமன்றத்துக்கு 1995-இல் இருந்ததைவிடக் குறைந்த சந்தேகமே இருந்தது என்று நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு குறை எனக்கு இருக்கிறது. விசாரணையின் பதிவுகளில் அமைச்சர்களின் குரலும் அதிகாரிகளின் குரலும் ஏராளமாக இருக்கின்றன. காத்திருந்தவர்களின் குரல் அந்த அளவுக்கு இல்லை. 1987-க்கும் 1989-க்கும் இடையில் ஜூட்லாந்தின் ஏதோ ஓர் ஊரில் தனி அறையில் இருந்து கடிதப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணைமாருக்கு இப்போது 60, 70 வயது. ஊரில் பிள்ளைகளோடு காத்திருந்த அக்காமாருக்கும் அதே வயதுதான். இதைப் படிக்கிறவர்களில் அப்படி யாராவது இருந்தால், அல்லது உங்கள் அப்பா அம்மா அப்படி இருந்தால், எழுதுங்கள், அல்லது போனில் பதிவு செய்து வையுங்கள். எப்போது விண்ணப்பம் போட்டீர்கள், என்ன பதில் வந்தது, அந்தப் பக்கம் அவர்கள் எங்கே இருந்தார்கள், எப்போது வந்து சேர்ந்தார்கள். தமிழிலேயே சொல்லுங்கள், டெனிஷில் எழுதித் தர நான் இருக்கிறேன்.